பாட்டிமாரும் உரிமமும்

அன்புள்ள மீனாட்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து மறுபடி காலை நடை தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. நான் நலம். எனக்குப் பணி ஓய்வுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள்தான்.

கடைசியில் நீ கேட்டிருந்த கேள்வி நான்கு நாட்களாக மனத்தை விட்டுப் போகவில்லை. ஜிம்பாப்வேயில் பாட்டிமார் மரப்பலகையில் உட்கார்ந்து பேசியே மனச்சோர்வைக் குறைக்கிறார்களாமே, பிறகு மனநல ஆலோசகருக்கு உரிமம் எதற்கு என்று கேட்டாய்.

அந்தப் பாட்டிமார் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் ஹராரேயில் 14 பாட்டிமாரோடு தொடங்கிய வேலை அது. மருத்துவமனைக்கு வரப் பஸ் கட்டணம் இல்லாத ஓர் இளம்பெண்ணை, அவருடைய நோயாளியை, தற்கொலைக்குப் பறிகொடுத்த துயரத்தில் பிறந்த யோசனை. 573 பேரை வைத்து நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பலகைக்கு வந்தவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனால் மீனா, அந்தப் பாட்டியின் கையில் 14 கேள்விகள் கொண்ட படிவம் இருக்கிறது. அவர் பயிற்சி பெற்றவர். ஆபத்து என்று பட்டால் யாரிடம் அனுப்புவது என்று அவருக்குத் தெரியும். பின்னால் மேற்பார்வையாளர் இருக்கிறார்.

உரிமம் என்று நான் சொல்வதும் இதைத்தான். அமெரிக்காவில் ஆலோசகர்களுக்கு முதலில் உரிமம் தந்த மாநிலம் வர்ஜீனியா, 1976-இல். கடைசியாக வந்தது கலிபோர்னியா, 2009-இல். முதுகலை முடித்த பிறகும், அனுபவமுள்ள ஒருவரின் கண்காணிப்பில் நெடுங்காலம் பணி செய்தால்தான் அங்கே தனித்துச் செயல்பட முடியும். இத்தனைக்கும் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் இவர்களுக்குக் கட்டணம் தரத் தொடங்கியது 2024 ஜனவரியில்தான். பொதுச் சேவையில் இவர்களுக்கு இடம் கிடைக்க இவ்வளவு காலம் ஆனதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். அடையாளம் எதுவும் எழுத மாட்டேன், நீ புரிந்துகொள்வாய். தூக்கம் வரவில்லை என்று ஒருவர் வந்தார். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவத்தை நிரப்பினார். மொத்த மதிப்பெண் குறைவு. கூட்டல் தொகையை மட்டும் பார்ப்பவர்கள் அவரை அப்படியே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். என்னிடம் பயிற்சியில் இருக்கும் பெண் ஒன்பதாவது கேள்வியில் நின்றுவிட்டாள். செத்துப்போனால் நல்லது என்று தோன்றுகிறதா என்பது அந்தக் கேள்வி. 'சில நாட்கள்' என்று குறித்திருந்தார். அவள் சுற்றி வளைக்காமல், "தற்கொலை எண்ணம் வருகிறதா?" என்று கேட்டாள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலரும் அஞ்சுகிறார்கள், அது தவறு. அவர் வெகுநேரம் அழுதார். பிறகு பேசினார். வீட்டில் துணைக்கு யார், எதை அப்புறப்படுத்த வேண்டும், இரவில் யாரை அழைப்பது என்றெல்லாம் இருவரும் உட்கார்ந்து எழுதினார்கள். அன்றே மனநல மருத்துவரையும் பார்த்தார். இப்போது வாரந்தோறும் வருகிறார்.

அன்று மாலை அவள் என் அறைக்கு வந்தபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் பேசினோம். அவள் செய்தது சரி, ஒன்றை மட்டும் இன்னும் முன்னதாகக் கேட்டிருக்கலாம் என்றேன். அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் இந்த வேலையில் இளையவர்கள் ஓராண்டுகூடத் தாங்க மாட்டார்கள். அந்த மேற்பார்வை நேரத்தைத்தான் இப்போது நிர்வாகத்தில் குறைக்கப் பார்க்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்த்தோம் என்பதே கணக்காகிவிட்டது. மேற்பார்வை நேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

அந்த நேரத்தை விட்டுத்தர மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வந்ததும் உனக்குச் சொல்கிறேன். விடுப்பு கிடைத்தால் அடுத்த மாதம் நேரில் வருகிறேன்.

அன்புடன்,
வசந்தா