தனுஷ்கோடி ஸ்டேஷன் கதையைச் சொன்னவர்களுக்கு நன்றி

பாம்பன், ராமேஸ்வரம், தனுஷ்கோடி மக்களுக்கு வணக்கம்.

தனுஷ்கோடி ரயில் நிலையத்தின் வரலாற்றை எழுத வந்தபோது என்னிடம் இருந்தது ஒரே ஒரு தகவல்தான்: என் தாத்தா அங்கே போர்ட்டராக இருந்தார். இப்போது இரண்டு நோட்டு நிறைந்துவிட்டது. எல்லாம் நீங்கள் சொன்னது.

முதல் நன்றி, சங்கு பாசிக் கடை வைத்திருக்கும் பாட்டிக்கு. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில், பாம்பனிலிருந்து வந்த 653 பாசஞ்சர் ஸ்டேஷனை எட்டுவதற்குள் கடல் அதை எடுத்துக்கொண்டது. வண்டியில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் பிழைக்கவில்லை. இதை நான் படித்திருக்கிறேன். ஆனால் அந்த வண்டியில் சித்தப்பா வருவார் என்று உங்கள் அம்மா மிச்சச் சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றாமல் வைத்திருந்தார் என்பது நீங்கள் சொல்லித்தான் தெரியும். அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தீர்கள். அப்புறம் எழுந்துபோய், மணலில் தோண்டிய ஊற்றிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தீர்கள். ரெண்டு பக்கமும் கடல், நடுவில் அப்படி ஒரு நல்ல தண்ணீர்!

ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஐயாவுக்கும் நன்றி. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகுதான் போட் மெயில் ரயில் தூத்துக்குடியை விட்டு இந்தப் பக்கம் திரும்பியது என்பதை உங்களிடம்தான் கற்றேன். எழும்பூரில் ஒரே டிக்கெட். தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில், அப்படியே கொழும்பு. விபூதி டப்பாவுக்குள் பத்திரமாக வைத்திருந்த பழைய அட்டை டிக்கெட்டை என் உள்ளங்கையில் வைத்தீர்களே, ஊர்ப் பெயர் மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. புயலில் இரும்பு கர்டர்களில் பெரும்பாலானவை போன பாலத்தையே 46 நாளில் சரிசெய்தார்கள், தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் திரும்பவில்லை என்று நீங்கள் சொன்னபோது எனக்கும் தொண்டை அடைத்தது.

ரெண்டு பக்கக் கடலுக்கும் ஆண்கடல், பெண்கடல் என்று பெயர் வந்த காரணம் சொல்லி, இடிந்த ஸ்டேஷனையும் தண்ணீர்த் தொட்டியையும் வெயிலில் சுற்றிக் காட்டிய மீனவ அண்ணனுக்கும் நன்றி. பிளாட்பாரம் எதுவரை இருந்தது என்று உங்கள் அப்பா சொன்ன கணக்கில் காலடி வைத்து எண்ணிக் காட்டினீர்கள். தாத்தா மூட்டை சுமந்து நடந்த அதே தூரத்தை நானும் ஒருமுறை நடந்து பார்த்தேன்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை வருகிறேன். பாட்டி, உங்கள் சித்தப்பாவின் முழுப் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.