கடவுளும் இயற்கையும் இல்லாத முதல் பிரிவு

அன்புள்ள கயல்,

மனித உரிமைகளுக்கு எல்லாரும் ஒப்புக்கொள்ளும் தத்துவ அடித்தளம் இல்லையென்றால் அவை எத்தனை காலம் நிற்கும் என்று வகுப்பில் எழுந்த கேள்வி உன்னைத் தூங்கவிடவில்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

1948இல் பாரிஸில் ஐ.நா. குழு உலக மனித உரிமைப் பிரகடனத்தை வரிவரியாக விவாதித்தபோது, மனிதர்கள் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர்கள் என்று முதல் பிரிவில் சேர்க்கும்படி பிரேசில் கேட்டது. சீனப் பிரதிநிதி பி.சி. சாங் மறுத்தார். மனிதகுலத்தில் கணிசமான பங்கினர் வாழும் தம் நாட்டுக்கும் தனி மரபு உண்டு, அதை எழுதச் சொல்லித் தாம் வற்புறுத்தவில்லையே என்றார். பிரேசில் பின்வாங்கியது. மனிதர்களுக்குப் பகுத்தறிவும் மனசாட்சியும் இயற்கையால் அமைந்தவை என்று வரைவில் இருந்ததில் 'இயற்கையால்' என்ற சொல்லும் நீங்கியது. இவை எங்கிருந்து வந்தன என்று சொல்லும் இடத்தைக் காலியாக விட்டது கையாலாகாத்தனம் அன்று, கயல். பக்தரும் நாத்திகரும் அவரவர் காரணத்தோடு உள்ளே வர அதுதான் வழிவிட்டது.

அதற்கு முந்தைய ஆண்டு யுனெஸ்கோ இதே கேள்வியைச் சிந்தனையாளர்களிடம் கேட்டபோது, கடமையைச் சரிவரச் செய்வதிலிருந்தே உரிமை பிறக்கிறது என்பதை எழுதப் படிக்கத் தெரியாத தம் தாயிடம் கற்றதாகக் காந்தி பதில் எழுதினார். காந்தியின் மேல் எனக்குள்ள மதிப்பு உனக்குத் தெரியும். இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கடமை தவறிச் சிறையில் கிடப்பவனுக்கும் அடி உதை படாமல் இருக்கும் உரிமை உண்டு. அதை அவன் சம்பாதிக்க வேண்டும் என்றால், சம்பாதித்தானா இல்லையா என்று முடிவு செய்யப்போகிறவன் லத்தி வைத்திருப்பவன்தான்.

எதிர்காலம் பற்றியும் கேட்டிருந்தாய். 2019இல் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள், உன் வயதுப் பிள்ளைகள், காலநிலை மாற்றத்தில் நாடுகளின் பொறுப்பு என்ன என்பதைச் சர்வதேச நீதிமன்றம் சொல்ல வேண்டும் என்று கிளம்பினார்கள். பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் அரசு அதைக் கையிலெடுத்தது. 2023இல் ஐ.நா. பொதுச்சபை நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டது. 2025 ஜூலை 23 அன்று, மற்ற மனித உரிமைகளை அனுபவிக்கவே தூய்மையான சுற்றுச்சூழலுக்கான உரிமை இன்றியமையாதது என்று ஹேக்கில் உள்ள அந்த நீதிமன்றத்தின் நீதிபதிகள் சொன்னார்கள். ஆலோசனைக் கருத்துதான், யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் 1948 பிரகடனத்தின் முப்பது பிரிவுகளில் இல்லாத ஓர் உரிமையை அது ஏற்றுச் சொன்னது. தத்துவச் சண்டை தீரட்டும் என்று அந்தப் பிள்ளைகள் காத்திருக்கவில்லை.

உன் ஆய்வுக்கு இந்த வழக்கையே எடுத்துக்கொள். நீதிபதிகள் சிலர் தனித்தனியே எழுதிய கருத்துகளையும் விடாமல் படி. முதல் அத்தியாயம் அரைகுறையாக இருந்தாலும் அனுப்பு, அம்மாவும் படிக்க வேண்டும் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா