மக்கும் பை பற்றி

அன்புள்ள சிவா,

பேத்திக்குக் காது குத்து நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. விருந்துக்கு என்னை அழைக்காததை மட்டும் மறக்க மாட்டேன்.

கடைக்காரர் ‘மக்கும் பை’ தருகிறார், இனி அது கடலுக்குப் போனாலும் கவலையில்லை என்று எழுதியிருந்தாய். அவ்வளவு சீக்கிரம் நிம்மதி அடையாதே.

போன ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் சோடா பாட்டிலின் பிளாஸ்டிக் மூடி ஒன்று கிடந்தது. தொட்டால் குளத்துப் படிக்கட்டு போல வழுக்கியது. நகத்தால் சுரண்டினேன், பழுப்பாக ஏதோ வழித்துக்கொண்டு வந்தது. அடியில் மூடி எழுத்துகூட அழியாமல் அப்படியே இருந்தது. அந்த வழுவழுப்பில் பெரும்பங்கு பாக்டீரியா. வட அட்லாண்டிக்கில் அள்ளிய பிளாஸ்டிக் துணுக்குகளை ஆராய்ந்து 2013இல் எழுதிய எரிக் செட்லர் குழுவினர் இந்தக் குடியிருப்புக்கு ‘பிளாஸ்டிஸ்பியர்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். சுற்றிலும் உள்ள நீரில் வாழும் கூட்டம் வேறு, பிளாஸ்டிக்கில் ஒட்டிய கூட்டம் வேறாம். ஒரு துணுக்கில் கிட்டத்தட்ட கால்வாசி விப்ரியோ, காலராக் கிருமியின் பங்காளிகள்!

இத்தனை பேர் குடியேறியும் பாலித்தீன் கரைவதாகக் காணோம். கரி அணுக்கள் கோத்த அதன் நீண்ட சங்கிலியில், பாக்டீரியா இரையை உடைக்கச் சுரக்கும் நொதிகள் கடிக்கத் தோதான கணு இல்லை. அவற்றுக்கு அது வெறும் தெப்பம்தான்.

பி.எச்.பி. என்ற பிளாஸ்டிக்கின் கதை வேறு. அது பாக்டீரியாவே பஞ்ச காலத்துக்கென்று உடலுக்குள் சேர்த்துவைக்கும் பண்டம்; 1926இல் லெமுவான் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தது. அது கடலில் விழுந்தால், நெல் குதிருக்குள் புகுந்த எலிகள் போல, நொதியைச் சுரந்து தின்னும் பாக்டீரியாக்கள் அங்கே உண்டு. மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்கையும் ‘மக்கும்’ என்றுதான் விற்கிறார்கள். அது ஒழுங்காக மக்க உரக்கிடங்கின் 60 டிகிரிச் சூடு வேண்டும். கடல் என்ன வெந்நீர் அண்டாவா?

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் இமோஜன் நேப்பரும் ரிச்சர்ட் தாம்சனும் பல வகைப் பைகளைக் கடலிலும் மண்ணிலும் மூன்று ஆண்டு போட்டுவைத்தார்கள். 2019இல் முடிவு வந்தது. ‘மக்கும்’ என்று அச்சிட்ட பை, மூன்று ஆண்டு கடலில் ஊறிய பிறகும் கடைச் சாமான் சுமந்தது! உரமாகும் பை என்று விற்ற ஒன்று மட்டும் கடலில் மூன்றே மாதத்தில் காணாமல் போனது. வேடிக்கை என்னவென்றால், அதே பை மண்ணுக்குள் 27 மாதம் கழித்தும் கிடந்தது. காணாமல் போனது செரித்துப் போனதா, தூளாகிப் பரவியதா என்பது தனிக் கேள்வி.

உன் கடைப் பையை எதில் செய்தார்கள் என்று அதில் போட்டிருக்கிறதா, பார்த்து எழுது. போடவில்லை என்றால் பழைய மஞ்சள் பையையே எடுத்துக்கொண்டு போ. முழங்கால் வலிக்கு எண்ணெய் தடவுகிறாயா?

அன்புடன்,
ராமு