அறக்கட்டளை போர்டில் உட்காரும் வக்கீல் சார்களுக்கு

அன்புள்ள வக்கீல் சார்களுக்கும் மேடம்களுக்கும்,

வணக்கம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-லிருந்து மூன்றாகிப்போன நம் பழைய வேலூர் மாவட்டத்தில், ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி செய்கிற சின்னச் சின்ன அறக்கட்டளைகள் இருக்கின்றன. அவற்றில் அறங்காவலராக இருக்கிறவர்களுக்குத்தான் இந்தக் கடிதம்.

நான் முப்பத்தொரு வருஷம் வக்கீல் குமாஸ்தா. சத்துவாச்சாரி கோர்ட்டில் எந்த ஹாலில் எந்த ஃபேன் சுற்றாது என்பது வரை தெரியும். ஓய்வுக்கு அப்புறம் என் சீனியர் சொல்லி, அப்படிப்பட்ட ஓர் அறக்கட்டளையில் ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தேன். ஏழு பேர் போர்டு. ஆறு பேர் வக்கீல்கள், ஏழாவது நான். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் மினிட் புத்தகமும் என் தலையில்தான். போன மாதத்தோடு என் காலம் முடிந்தது. அறக்கட்டளையின் பெயரை எழுதப்போவதில்லை. யாரையும் கோர்ட் வாசலில் நிறுத்துவது என் நோக்கமில்லை. அதோடு, மற்ற இடங்களில் இருக்கும் பழைய சிநேகிதர்களிடம் பேசிய வரையில், கதை எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட இதேதான்.

ஒரு சாயங்காலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி ஓர் அம்மா வந்திருந்தார். மஞ்சள் பையில் ரேஷன் கார்டு, ஆதார், நாலாக மடித்த ஒரு சம்மன். தண்டல்காரரிடம் இருபதாயிரம் வாங்கியிருக்கிறார். வாங்கும்போது புரோநோட்டில் தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறார். இப்போது மூன்று லட்சத்துக்கு வழக்கு. எங்கள் டிரஸ்டி சார் ஒருவர் அன்றைக்கு ஆபீசில் இருந்தார். நல்ல மனிதர், நிஜமாகவே கோபம் வந்துவிட்டது அவருக்கு. "எழுதாத பத்திரத்துல யாராவது கையெழுத்து போடுவாங்களாம்மா?" என்றார். அந்த அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "துட்டு அவசரம் சார். தெரிஞ்சவருதானே, இன்னா செஞ்சிடப் போறாருன்னு போட்டுட்டேன்" என்றார். வெற்றுப் புரோநோட்டில் போட்ட கையெழுத்து, அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையே கொடுத்துவிடும் என்று மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20-வது பிரிவை அவருக்குப் புரிகிற தமிழில் சார் பொறுமையாக விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே புரிந்தது.

அம்மா போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மேனேஜர் செக் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார். மறுநாளிலிருந்து சாருக்கு சென்னை ஹைகோர்ட்டில் தொடர்ந்து வேலை. இருபத்தைந்து தாளிலும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார். தேதி இல்லை, தொகை இல்லை, யாருக்கு என்றும் இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்ததைக் கவனித்தவர், "நம்ம மேனேஜர்தானேப்பா" என்றார்.

ஒரு பைசா காணாமல் போகவில்லை, அதையும் எழுதிவிட வேண்டும். மேனேஜர் தங்கமானவர். ஆனால் அன்று ராத்திரி வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு அந்த அம்மாவின் "தெரிஞ்சவருதானே" காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

இது எப்படி நடக்கிறது? உங்களுக்குச் சட்டம் தெரியாமல் இல்லை. கோர்ட்டில் நீங்கள் ஒரு தப்பு செய்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அடுத்த நிமிஷம் எழுந்துவிடுவார். அவர் விட்டால் ஜட்ஜ் கேட்பார். முப்பது வருஷம் அப்படியே பழகிய மூளை, யாராவது ஆட்சேபிக்கிற வரை எல்லாம் சரி என்றே நினைத்துக்கொள்ளும். போர்டில் எதிர்த்தரப்பு வக்கீல் கிடையாது. இன்னும் மோசம், போர்டில் சீனியர் இருப்பார், அவரிடம் தொழில் கற்ற ஜூனியர் இருப்பார், அந்த ஜூனியரின் ஜூனியரும் இருப்பார். சீனியர் கணக்கு வாசிக்கும்போது எந்த ஜூனியர் எழுந்து "வவுச்சர் எங்கே சார்" என்று கேட்பார்? கேட்டுவிட்டு மறுநாள் பார் ரூமில் எப்படி உட்காருவார்? ஆறு வருஷத்து மினிட் புத்தகத்தை நானே புரட்டிப் பார்த்தேன். "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்று எழுதி எழுதி என் கை தேய்ந்ததுதான் மிச்சம். ஒரு தீர்மானத்துக்குக்கூட எதிர்ப்பு பதிவாகவில்லை. ஆறு வக்கீல்கள் இருக்கிற அறையில் இது சாத்தியமா, சொல்லுங்கள்.

1882-ம் வருஷத்து இந்திய டிரஸ்ட் சட்டத்தைப் பற்றி ஒரு நாள் பேச்சு வந்தது. அறங்காவலர் தன் பொறுப்பை இன்னொருவர் கையில் ஒப்படைக்கக் கூடாது என்று 47-வது பிரிவு இருக்கிறதே, வெற்று செக் அதில் வராதா என்று கேட்டேன். அந்தச் சட்டம் தனியார் டிரஸ்டுக்குத்தான், பொது தர்மத்துக்குப் பொருந்தாது என்று உடனே பதில் வந்தது. பாயிண்ட் சரிதான். ஆனால் அதே கொள்கைகளைப் பொது அறக்கட்டளைகளுக்கும் கோர்ட்டுகள் எடுத்துக்கொள்கின்றன என்பதும், சிவில் நடைமுறைச் சட்டம் 92-வது பிரிவில் அக்கறையுள்ள இரண்டு பேர் கோர்ட் அனுமதியோடு வழக்குப் போடலாம் என்பதும் உங்களிடம் வேலை பார்த்துக் கற்றதுதானே சார்.

இன்னொன்று, இது எங்களைக் கொஞ்சம் சந்தி சிரிக்க வைத்தது. ஆபீஸ் இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டார். "நானே ஆஜராகிறேன், ஃபீஸ் எதற்கு" என்று டிரஸ்டி ஒருவர் முன்வந்தார். எல்லோரும் கை தட்டினோம், நானும்தான். முதல் வாய்தாவிலேயே எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். சின்னப் பையன், பார் கவுன்சில் விதிகளைக் கையில் வைத்திருந்தான். ஒரு நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கும் வழக்கறிஞர் அந்த நிறுவனத்துக்காகவோ அதற்கு எதிராகவோ ஆஜராகக் கூடாது என்கிறது நடத்தை விதி 8. ஃபீஸ் வாங்காவிட்டால் பரவாயில்லை என்ற விலக்கு பார் கவுன்சிலுக்கும் பார் அசோசியேஷன் போன்ற வக்கீல் சங்கங்களுக்கும் மட்டும்தான், எங்களைப் போன்ற தர்மத்துக்கு இல்லை. வக்காலத்தை மாற்றிக்கொண்டு வந்தோம். ஆறு வக்கீல்களில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. ஏனென்றால் அந்த அறையில் யாரும் வக்கீலாக யோசிக்கவில்லை, டிரஸ்டியாகவும் யோசிக்கவில்லை, நண்பர்களாக உட்கார்ந்திருந்தோம்.

கிராமத்து முகாம்களைப் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அணைக்கட்டு பக்கம் ஒரு முகாம். பெங்களூர் ஹைவேயில் அடிபட்டுக் கணவனை இழந்த பெண் ஒருத்தி வந்து பேர் எழுதிவைத்துவிட்டுப் போனாள். இரண்டு மாதம் கழித்து விபத்து இழப்பீட்டு வழக்குக் கட்டு ஒன்று என் கண்ணில் பட்டது. அதே பெண், வக்காலத்தில் எங்கள் டிரஸ்டி ஒருவருடைய ஜூனியர். இலவசம் இல்லை. ஜூனியரைக் கேட்டால், "அவங்களே தேடி வந்தாங்க சார்" என்கிறார். இருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணின் போன் நம்பர் எங்கள் முகாம் நோட்டில்தான் இருந்தது. வழக்குத் தேடிப் போகக் கூடாது என்கிறது பார் கவுன்சில் விதி 36. இல்லாதவனுக்கு உதவுவது வழக்கறிஞரின் மிக உயர்ந்த கடமைகளில் ஒன்று என்கிறது விதி 46. ஒரே விதித் தொகுப்பில் இருக்கும் இரண்டு விதிகளும் எங்கள் முகாம் நோட்டில் முட்டிக்கொண்டன. இதற்கு ஒரு வரித் தீர்மானம் போதும்: முகாமில் வந்த எவருடைய வழக்கையும் டிரஸ்டியோ அவர் ஆபீஸைச் சேர்ந்தவரோ ஃபீஸ் வாங்கி நடத்தக் கூடாது. நான் எழுதிக்கொண்டு போனேன். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். போர்டுக்கும் வாய்தா உண்டு என்று அன்றைக்குத் தெரிந்தது.

வேலூர் சின்ன ஊர். தண்டல்காரருக்கும் வக்கீல் நீங்கள்தான், மில் முதலாளிக்கும் நீங்கள்தான். அவர்களால் பாதிக்கப்பட்டவர் எங்கள் படி ஏறி வருவார். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஒரு மேடத்தை மட்டும் நினைத்துப் பார்க்கிறேன். ஒரு பெயரைக் கேட்டதும், "இதுல நான் இருக்கக் கூடாது" என்று எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டார். பாராட்டினோம். ஆனால் அதற்குள் அந்தப் பெயர் அவர் காதில் விழுந்தாகிவிட்டதே? கொத்தடிமையாக இருந்து தப்பி வந்த இருளர் குடும்பம் எங்களிடம் வந்திருக்கிறது என்ற தகவலே முதலாளிக்குப் போதும். மேடம் சொல்லமாட்டார். மற்றவர்கள்? அதனால் நான் கேட்பது, கட்டுகளே போர்டுக்கு வர வேண்டாம். எத்தனை பேர் வந்தார்கள், என்ன வகை வழக்கு, எத்தனை முடிந்தது, எவ்வளவு செலவு என்று எண்கள் வரட்டும். பெயர்கள் ஆபீசிலேயே இருக்கட்டும். உங்களுக்கு இது கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். கட்டைப் பிரித்துப் படித்தால்தான் உங்களுக்குக் கூட்டம் ருசிக்கிறது. வரவு செலவு வரும்போதுதான் போன் வருகிறது, வெளியே போகிறீர்கள்.

வருமான வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2021-ல் எல்லா அறக்கட்டளையும் வரிவிலக்குக்காக வருமான வரிச் சட்டம் 12ஏபி பிரிவில் மறுபடி பதிவு செய்ய வேண்டி வந்தது. கட்சிக்காரருடைய காலவரம்பை விரல் விட்டு எண்ணும் ஆறு பேர், சொந்த அறக்கட்டளையின் கெடுவை மறந்துவிட்டோம். ஏழாவது ஆளும் சேர்த்துத்தான். வரித்துறை அடுத்தடுத்துக் கெடுவை நீட்டியதால் தலை தப்பியது.

நான் ஏன் இவ்வளவு வருத்தப்படுகிறேன் என்றால், இந்த அறக்கட்டளைகள் வேண்டும். இலவச சட்ட உதவிக்கென்றே இருக்கிற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அதே கோர்ட் வளாகத்தில் இருக்கிறது, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பே கிடையாது, 15100 என்ற உதவி எண்ணுக்கு போன் போட்டாலும் போதும். ஆனால் போன் போடலாம் என்று அந்த ஒடுகத்தூர் அம்மாவிடம் யாராவது போய்ச் சொல்ல வேண்டுமே. ஜவ்வாது மலையிலிருந்து மரம் வெட்டப் போய் ஆந்திராவில் செம்மர வழக்கில் மாட்டியவனுக்கு, தெலுங்கு தெரிந்த வக்கீலைத் தேட வேண்டும். 1911 வரைக்கும் நம் ஊர்கள் இருந்த பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்கே சித்தூர்தான் தலைநகர். இன்றைக்கு அங்கே ஜாமீன் மனு போட மாநில எல்லை தாண்ட வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளியில் நிற்பவை நம்மைப் போன்ற சின்ன அறக்கட்டளைகள்.

பாலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தோல் தொழிற்சாலைக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. சட்டக் கல்லூரியில் எல்லோரும் படிக்கும் தீர்ப்பு, ஊர்ப் பெயரோடு. ஆனால் இழப்பீடு கிடைக்காமல் நிற்கும் குடும்பங்களுக்குக் கொடுங்கள் என்று 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டி வந்தது. நடுவில் இருபத்தெட்டு வருஷத்துக்கு மேல். தீர்ப்பு வந்ததும் கட்டைக் கட்டிப் பீரோவில் வைப்பது வக்கீல் பழக்கம், தொழில் அப்படி. டிரஸ்டிக்கு அங்கேதான் வேலை ஆரம்பிக்கிறது. உத்தரவு கிடைத்த எத்தனை பேர் கையில் பணம் போய்ச் சேர்ந்தது என்று எங்கள் போர்டில் ஆறு வருஷத்தில் ஒரு முறைகூட யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. போர்டில் பாதி நாற்காலியாவது வக்கீல் அல்லாதவர்களுக்குக் கொடுங்கள். கணக்கு தெரிந்த ஒரு ரிட்டயர்ட் பேங்க் ஆள். குடியாத்தத்திலிருந்து பீடி சுற்றும் சங்கத்துப் பெண் ஒருத்தி. நம்மிடம் உதவி பெற்று வழக்கு முடிந்தவர் ஒருவர். "அவங்களுக்கு சட்டம் தெரியாதே" என்பீர்கள். லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் நீதித்துறை அலுவலருக்குப் பக்கத்தில் சமூக சேவகரை உட்கார வைக்கிறார்களே, சட்டம் தெரியும் என்றா? சட்டம் உங்களிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. "இது ஏன் சார் இப்படி?" என்று கேட்க ஆள்தான் இல்லை. கேட்டுவிட்டு மறுநாள் உங்கள் முகத்தில் விழிக்க வேண்டிய கட்டாயம் இல்லாத ஆள்.

அப்புறம், எங்கள் அறக்கட்டளை சார்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மினிட் புத்தகம் நாலும் பச்சை பீரோவில் மேல் தட்டில் இருக்கின்றன. சாவி மேனேஜரிடம். முகாம் பற்றிய அந்த ஒரு வரித் தீர்மானத்தை நாலாவது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். செக் புத்தகத்தில் கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாள் இன்னும் ஒன்பது இருந்தது, எண்ணினேன். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் அதைக் கிழித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வக்கீல் குமாஸ்தா,
காட்பாடி