அவனோடுகூட

எருசலேம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நான் சுகமாயிருக்கிறேன். இங்கே மழையும் குளிரும் இன்னும் விடவில்லை; நான் தங்கிப் பார்த்துக்கொள்ளும் யூதப் பாட்டிக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டதால் இரவில் இரண்டு முறையாவது எழுந்து பார்க்க வேண்டியிருக்கிறது. ஞாயிறு எனக்கு விடுமுறை என்பதால் கோயிலுக்குப் போய் வந்து, அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது என்றும், பேச்சும் குழறுகிறது என்றும், அவர் மகன் துபாயிலிருந்து வர முடியாததால் வாரம் இரண்டு நாள் பிசியோதெரபிக்கு அழைத்துப் போக உன்னைச் சித்தி கேட்கிறாள் என்றும் நீ சொல்லி மூன்று வாரம் ஆகிறது. "போகட்டுமா அம்மா?" என்று நீ கேட்டதற்கு "யோசித்துச் சொல்கிறேன்" என்று போனை வைத்துவிட்டேன். யோசிக்க அதில் ஒன்றும் இல்லை. சொல்ல எனக்குத் துணிவில்லாமல் இருந்தது, அவ்வளவுதான். நேற்று இந்த வீட்டில் வாசித்த வேதப்பகுதி இனிமேலும் தள்ளிப்போட விடவில்லை.

இவர்கள் வாசிக்கும் முறையை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நான் கற்றதில் பாதி அந்த முறையிலேயே இருக்கிறது. மோசேயின் ஐந்து ஆகமங்களையும், இவர்கள் சொல்வதுபோல் தோராவை, 54 பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதிக்குப் பராஷா என்று பெயரிட்டு, வாரம் ஒன்றாக ஓய்வுநாளான சனிக்கிழமை காலையில் ஜெப ஆலயத்தில் வாசிக்கிறார்கள். வாரங்கள் குறைந்த ஆண்டில் சில பகுதிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துவிடுவார்கள். கூடாரப்பண்டிகை முடிந்து வரும் சிம்ஹாத் தோரா நாளில் உபாகமத்தின் கடைசி வசனத்தை வாசித்த கையோடு, வேறொரு சுருளை விரித்து "ஆதியிலே" என்று மறுபடியும் தொடங்கிவிடுவார்கள். நம் வீட்டு ஜெபத்தில் நாம் என்ன செய்தோம் என்று நினைத்துப் பார். கஷ்டம் வந்தால் 91ஆம் சங்கீதம், சந்தோஷம் வந்தால் 103ஆம் சங்கீதம். லேவியராகமத்தின் பக்கங்கள் நம் வேதாகமத்தில் இன்றுவரை ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. நமக்குப் பிடித்த வசனத்தை நாம் தேடிப் போனோம். இங்கேயோ வசனம் தன் வாரத்தில் தானாக வந்து நிற்கிறது.

2023இல் சிம்ஹாத் தோரா அக்டோபர் 7ஆம் தேதி, ஹமாஸ் தாக்கிய அந்த நாளில் வந்தது. அன்று காலை சைரன் கேட்டுப் பாட்டியைப் பாதி உடுத்தியபடியே படிக்கட்டின் அடியில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். அடுத்த ஓய்வுநாளுக்கு உரிய பகுதி ஆதியாகமத்தின் தொடக்கம். அதிலேதான் தன் தம்பியைக் கொன்ற காயீனிடம் "உன் சகோதரன் எங்கே" என்று கர்த்தர் கேட்கிறார். பாட்டி அந்த இடத்தில் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "இதை வேறொரு வாரத்திற்குத் தள்ளிவைக்க முடியாது" என்று மட்டும் சொன்னார். அன்று வேறு விளக்கம் எதுவும் தரவில்லை.

பாட்டியைப் பற்றியும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். இளவயதில் ஒரு கிப்புட்ஸில், அதாவது கூட்டுப் பண்ணைக் குடியிருப்பில், மாடு கறந்துகொண்டிருந்தவர் அவர். அக்காலத்தில் நெஹாமா லைபோவிட்ஸ் என்ற ஆசிரியை, அந்த வாரப் பகுதியின்மேல் கேள்விகள் எழுதி, ஸ்டென்சிலில் அச்சிட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் தபாலில் அனுப்புவார். கிப்புட்ஸ் பெண்கள் சிலர் கேட்டுக்கொண்டதற்காக 1942இல் தொடங்கிய அந்த வேலையை ஏறக்குறைய 30 ஆண்டுகள் செய்தார். வந்த பதில்களைத் தாமே திருத்தித் திருப்பி அனுப்பினார். கடினமான கேள்விக்கு ஒரு பெருக்கல் குறி, மிகக் கடினமானதற்கு இரண்டு. அந்தத் தாள்களில் பத்துப் பன்னிரண்டு இன்னும் பாட்டியின் மேசை இழுப்பறையில் பழுப்பேறி, மடிப்பில் கிழிந்து கிடக்கின்றன. ஒன்றில், பாட்டி ஒரு பக்கம் முழுக்க எழுதிய பதிலின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருக்கிறது. அதைக் காட்டும்போதெல்லாம் பாட்டி வெட்கப்பட்டுச் சிரிப்பார். அந்த ஆசிரியை 1997இல் காலமானார். தம் கல்லறைக் கல்லில் பெயருடன் "ஆசிரியை" என்பதைத் தவிர வேறு புகழ்மொழி எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம்.

ஆகவே இந்த வீட்டில் வேதம் ஆறுதலுக்காக மட்டும் வாசிக்கப்படுவதில்லை, கேள்வி கேட்டே வாசிக்கப்படுகிறது. வியாழன் இரவு முதல் பாட்டி அந்த வாரப் பகுதியை எபிரெயத்தில் இரண்டு தரமும், தர்கூம் என்னும் பழைய அரமேய மொழிபெயர்ப்பில் ஒரு தரமும் வாசிப்பார். யூத ரபிமாரின் (வேத ஆசிரியர்களின்) விவாதத் தொகுப்பான தல்மூத் சொல்லும் முறை அது. நான் எதிரே நம் தமிழ் வேதாகமத்தை விரித்துக்கொள்வேன். "உன் மொழியில் இந்த இடத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்பார். எனக்குத் தெரிந்த எபிரெயத்தில் தட்டுத்தடுமாறிச் சொல்வேன்.

லேவியராகமத்தில் தோல் நோயைப் பற்றி இரண்டு அதிகாரங்கள் வருகின்றன. நம் வேதாகமம் அதைக் குஷ்டம் என்று சொல்கிறது. தொழுநோய் மருத்துவமனை வார்டில் வேலை பார்த்த எனக்கு அந்தச் சொல்லை அங்கே காண எப்போதும் பிடித்ததில்லை. துணியிலும் வீட்டுச் சுவரிலும் வருகிற ஒன்று எப்படி அந்த நோயாக இருக்க முடியும்? பாட்டி சொன்னார்: பழைய ரபிமார் இதைப் பிறரைப் பற்றித் தீங்கு பேசுவதற்கு வரும் தண்டனையாக வாசித்தார்கள், பேச்சினால் மனிதரைப் பிரித்தவன் பாளயத்துக்கு வெளியே தனியே இருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. எனக்கு அதைவிட அடுத்த அதிகாரத்தின் ஒரு வரிதான் மனதில் பதிந்தது. வெளியே அனுப்பப்பட்டவன் குணமாகிவிட்டானா என்று பார்க்க, அவனை விலக்கிவைத்த அதே ஆசாரியன் பாளயத்தை விட்டுப் புறப்பட்டு அவனிடம் போக வேண்டும். அந்த வரியை வாசித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நேற்றைய பகுதிக்குப் பெயர் மிஷ்பாத்திம், நியாயங்கள் என்று பொருள். அதற்கு முந்தின வாரம் சீனாய் மலை, இடிமுழக்கம், பத்துக் கட்டளைகள். உடனே அடுத்த வாரம் அடிமை, முட்டுகிற மாடு, மூடாமல் விட்ட குழி, இரவல் வாங்கிய மிருகம், அடகு வைத்த வஸ்திரம்! இந்த ஒரு பகுதியில் 53 கட்டளைகள் என்று எண்ணியிருக்கிறார்கள். இடிமுழக்கத்தில் கேட்ட குரல் இறங்கி வந்து பக்கத்து வீட்டுக்காரனுடைய மாட்டைப் பற்றிப் பேசுகிறது. கூலிக்காரன் கூலியை விடியும்வரை வைத்திருக்கக் கூடாது என்று வேறொரு பகுதியில் வரும் கட்டளையைப் பாட்டி எழுத்துக்கு எழுத்துப் பிடித்துக்கொள்பவர்; வெள்ளிக்கிழமை விளக்கேற்றுமுன் என் கைச்செலவுப் பணம் உறையில் போட்டு மேசைமேல் இருக்கும். ஒருமுறை மறந்துவிட்டார். ஓய்வுநாளில் பணத்தைத் தொடக்கூடாது. அன்று இரவும் மறுநாளும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூன்று நட்சத்திரம் தெரிந்து ஓய்வுநாள் முடிந்ததும் முதல் காரியமாக உறையைக் கொண்டுவரச் சொன்னார்.

இனி அதே பகுதியில் வரும் ஒரு கழுதைக்கு வருகிறேன். உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையின் கீழ் விழுந்து கிடக்கக் கண்டால், விட்டுவிட்டுப் போகாமல் அவனோடுகூட அதற்கு உதவி செய் என்பது யாத்திராகமம் 23ஆம் அதிகாரத்தில் வரும் வசனம். நாம் இதைச் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். ஆனால் தர்கூமில் அது வேறு மாதிரி இருக்கிறது என்று பாட்டி காட்டினார். எபிரெயத்தில் அங்கே நிற்கும் வினைச்சொல்லுக்கு விட்டுவிடுதல் என்ற பொருளும் உண்டு. எதை விடுவது? அவனைக் குறித்து உன் இருதயத்தில் இருப்பதை விட்டுவிடு, பிறகு அவனோடு சேர்ந்து சுமையை இறக்கு என்று தர்கூம் எழுதுகிறது.

மனதில் இருப்பதை விட்ட பிறகுதான் கை வைக்க வேண்டும் என்றால், என் போன்றவர்கள் ஆயுள் முழுக்க வழியோரத்திலேயே நிற்க வேண்டியதுதான் என்று நான் சொன்னேன். பாட்டிக்கு வாதம் பிடிக்கும். தல்மூதில் இதற்கு மாறான பக்கமும் இருக்கிறது என்றார்: நண்பனுடைய மிருகத்துக்குச் சுமை இறக்க வேண்டும், பகைவனுடைய மிருகத்துக்குச் சுமை ஏற்ற வேண்டும் என்று இரண்டும் ஒரே சமயத்தில் வந்தால், பகைவனிடமே முதலில் போக வேண்டும், ஏனென்றால் தன் மனத்தின் இச்சையை வளைப்பதற்கு அதுவே வழி. அதாவது கை முதலில், மனம் பின்னால். இந்த இரண்டில் எது சரி என்று பாட்டியும் தீர்த்துச் சொல்லவில்லை. நான் கையின் பக்கம்.

நீ அன்று போனில் சொன்னாயே, "அவர் ஒரு வார்த்தை மன்னிப்பாவது கேட்கட்டும், பிறகு போகிறேன்" என்று. அதற்கும் இங்கே இடம் இருக்கிறது. "அவனோடுகூட" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பு சொல்கிறது: கழுதைக்காரன் ஒரு பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டு, "கட்டளை உனக்குத்தானே, இறக்கு பார்க்கலாம்" என்றால், நீ உன் வழியே போகலாம், உன்மேல் கடமை இல்லை. எவ்வளவு நியாயமான பேச்சு என்று நான் மகிழ்ந்துபோனேன். பாட்டி பூதக்கண்ணாடியை ஒரு வரி கீழே நகர்த்தினார். அவன் முதியவனாகவோ நோயாளியாகவோ இருந்தால் கடமை உண்டு என்று அங்கே எழுதியிருந்தது.

"அவனோடுகூட" என்ற அந்தச் சொல்லை நான் என் வேலையிலேயே தினமும் காண்கிறேன். பாட்டியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது அவரை நான் தூக்குவதில்லை. "அஹத், ஷ்தாயிம், ஷாலோஷ்" என்று எண்ணுவேன். மூன்று என்றதும் அவர் வலது உள்ளங்கையைக் கட்டிலில் ஊன்றி, நெற்றியை என் தோளுக்கு நேராகக் கொண்டுவந்து, தம்மால் ஆன மட்டும் எழும்புவார். அவருடைய பலம் ஐந்து கிலோ அளவுதான் இருக்கும். அந்த ஐந்து கிலோ இல்லாவிட்டால் என் இடுப்பு என்றைக்கோ போயிருக்கும்.

இப்போது நான் சொல்லத் துணியாததைச் சொல்கிறேன். தோப்பு விஷயத்தில் சித்தப்பா நமக்குச் செய்தது அநியாயம்தான். உன் அப்பா இல்லாத வீட்டில் ஒரு காகிதத்தைக் காட்டி 22 சென்ட்டைப் பேர் மாற்றியதை நான் மறக்கவில்லை, நான் இந்த ஊருக்கு வந்ததே அதனால்தான். ஆனால் அவர் மகள் கல்யாணத்துக்கு நம்மை அழைக்கவே இல்லை என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். ஒரு சாயங்காலம் அவர் பத்திரிகையோடு வந்து திண்ணையில் நின்றார். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், கதவைத் திறக்கவில்லை. கால்மணி நேரம் நின்றிருப்பார். பத்திரிகையைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார். அதை அடுப்பில் போட்டேன். ஏழு ஆண்டுகளாக நீ அந்த அழைக்காத கல்யாணத்தைச் சொல்லித்தான் அவர்களைத் திட்டுகிறாய். ஒவ்வொரு முறையும் நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியாது. இனி அவராலும் தெளிவாகச் சொல்ல முடியாது.

உபாகமத்தில், கி தேட்ஸே என்ற பகுதியில், இதே கழுதை மறுபடியும் வருகிறது. அது வாசிக்கப்படுவது ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ, இவர்கள் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளும் மாதத்தில். அங்கே அது பகைவனுடைய கழுதை அன்று, "உன் சகோதரனுடைய கழுதை". வழியில் விழுந்து கிடப்பதைக் கண்டால் காணாததுபோல் இருக்காதே என்று வருகிறது. எபிரெயச் சொல் உன்னை நீயே ஒளித்துக்கொள்ளாதே என்கிறது என்று பாட்டி போன ஆண்டு விளக்கியபோது எனக்கு அந்த ஜன்னல் திரையின் நீலப்பூக்கூட ஞாபகத்துக்கு வந்தது. இரண்டு பகுதிகளுக்கும் இடையில் பகைவன் எப்படிச் சகோதரன் ஆனான் என்று கேட்டேன். "ஒருவேளை இருவருமாகச் சேர்ந்து கழுதையைத் தூக்கியிருப்பார்கள்" என்றார். அவர் அந்தக் கேள்விக்கு இரண்டு பெருக்கல் குறி போடுவார் என்று நினைக்கிறேன்.

நீ போ. என் பேரைச் சொல்லிப் போக வேண்டாம், தோப்பைப் பற்றியும் பேச வேண்டாம். அதைக் கேட்க வேண்டியவள் நான், ஊருக்கு வரும்போது நேரில் கேட்பேன். பத்திரிகையை எரித்ததையும் நானே சித்தியிடம் சொல்கிறேன்.

அவரை எழுப்பும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்காதே, தோள் மூட்டு நழுவிவிடும். சக்கர நாற்காலியை அவருடைய இடப்பக்கத்தில், பலமுள்ள பக்கத்தில், கட்டிலை ஒட்டிச் சாய்வாகப் போடு. கால் மிதிகளை மடக்கிவிடு. அவர் இடது பாதம் தரையில் பதிந்திருக்கிறதா என்று பார். அவருடைய வலது முழங்காலை உன் முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு, இடுப்புப் பக்கம் பிடித்து, மூன்று எண்ணு. எண்ணி முடிக்குமுன் நீயாகத் தூக்கிவிடாதே. அவரும் எழும்ப வேண்டும், கொஞ்சம் தாமதமாகும். பிரேக் இரண்டையும் போட்டிருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்.

உன்
அம்மா