இரண்டு பருவத்தில் மண் பதில் சொல்லாது

அரசுப் பல்கலைக்கழகங்களில் வேளாண் முதுநிலைப் பாடத்திட்டத்தை வகுக்கும் பெருமக்களுக்கு,

வணக்கம். முதுநிலை வேளாண் படிப்பு பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள். பாடங்கள், புள்ளியியல், தலைப்புக்கு ஒப்புதல் எல்லாம் முடிந்து வயலில் இறங்கும்போது மாணவர் கையில் மிஞ்சுவது ஒரு பருவம், மிஞ்சிப்போனால் இரண்டு. அதற்குள், தொழுவுரம் மண்ணின் கரிமச் சத்தை எவ்வளவு உயர்த்துகிறது என்று ஆய்வேடு எழுதவும் ஒப்புதல் தருகிறீர்கள். அந்த மாற்றத்தை அளவீட்டுப் பிழையிலிருந்து பிரித்தறியவே பெரும்பாலும் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் ஏன் கையொப்பமிடுகிறீர்கள்?

மாணவர்களின் உழைப்பில் குறையில்லை. சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கல்போல, பாத்தி பிரிக்கிறோம். ஓர வரிசைகளை ஒதுக்கிவிட்டு அறுக்கிறோம். 15 செ.மீ. ஆழம்வரை எடுத்த மண்ணை நிழலில் உலர்த்தி, 2 மி.மீ. சல்லடையில் சலித்து, பைக்குள் ஒரு சீட்டும் வெளியே ஒரு சீட்டுமாகப் போட்டுக் கட்டுகிறோம். ஈரத்தில் ஒன்று அழிந்தாலும் மற்றொன்று மிஞ்சட்டும் என்றுதான். வாய்மொழித் தேர்வு முடிந்ததும் அந்தப் பைகள் என்ன ஆகின்றன? அடுத்த மாணவருக்கு அலமாரி வேண்டும் என்று குப்பைக்குப் போகின்றன. பாத்திகளை உழுது அழித்துவிட்டு, அதே நிலத்தில் வேறொருவர் வேறொரு தலைப்புக்கு முளைக்குச்சி அடிக்கிறார்.

நீங்கள் முதலாண்டில் கற்பிக்கும் புள்ளியியலே இப்படி வீசியெறியாத ஓர் இடத்தில் வளர்ந்ததுதான். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் லாஸும் கில்பர்ட்டும் 1843-இல் தொடங்கிய கோதுமை ஆய்வு இன்றும் நடக்கிறது; பழைய மண்ணும் தானியமும் வைக்கோலும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. குவிந்து கிடந்த அந்தத் தரவுகளை அலசத்தான் 1919-இல் புள்ளியியலாளர் ஃபிஷரை வேலைக்கு எடுத்தார்கள். பாத்திகளுக்கிடையே தெரியும் வேறுபாடு உண்மையா தற்செயலா என்று பார்க்க உதவும் மாறுபாட்டுப் பகுப்பாய்வு அந்த வேலையில்தான் உருப்பெற்றது.

அது பல்கலைக்கழகம் அல்லவே என்பீர்கள். இல்லினாய் பல்கலைக்கழகம் அரசுப் பல்கலைக்கழகம்தான். அங்கே 1876-இல் தொடங்கிய மோரோ ஆய்வுத் திடல்மேல் நிழல் விழக்கூடாது என்று, பக்கத்தில் கட்டிய நூலகத்தையே நிலத்தடியில் கட்டினார்கள். நம் பல்கலைக்கழகப் பண்ணைகள் பலவற்றில் கட்டடம் வருகிறது என்றால் முதலில் போவது ஆய்வுத் திடல்.

எல்லாத் தலைப்புக்கும் நீண்ட காலம் தேவையில்லை. முளைப்புத்திறனையோ களைக்கொல்லியின் வீரியத்தையோ ஒரு பருவத்தில் பார்த்துவிடலாம். ஆனால் மண்வளம், பயிர்ச்சுழற்சி, உழவு முறை போன்றவற்றுக்குப் பண்ணையில் ஒரு பகுதியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடரட்டும். தரவேட்டில் ஒவ்வொருவர் பெயரும் இருக்கட்டும். மழை பொய்த்த ஆண்டின் பதிவும் அதில் சேரட்டும். விளைச்சல் வரவில்லை என்பதும் ஒரு முடிவுதான், அதற்காக ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

முன்னவர் தொட்டதைத் தொடர்ந்தால் புதுமை எங்கே என்று தேர்வாளர்கள் கேட்பார்கள். பத்தாவது ஆண்டில் அதே பாத்தியில் எடுக்கும் மண் சொல்லும் செய்தியை முதலாண்டில் எவராலும் எழுதியிருக்க முடியாது. அதைவிடப் புதுமை என்ன வேண்டும்?

அடுத்த முறை தலைப்புகள் ஒப்புதலுக்கு வரும்போது படிவத்தில் ஒரு கேள்வியைச் சேருங்கள்: மாணவர் பட்டம் வாங்கிப் போன பிறகு இந்தப் பாத்திகளுக்கும் மண் மாதிரிகளுக்கும் யார் பொறுப்பு? விடை எழுதாத படிவத்தில் கையொப்பமிடாதீர்கள்.

இப்படிக்கு,
மண்ணியல் முதுநிலை மாணவர் ஒருவர்