ஒற்றுமைக்கு எதற்குக் கோடரி? பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

வரலாற்றுப் பாடநூல் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். பிரெஞ்சுப் புரட்சிப் பாடத்தில் கோல்கட்டு ஒன்று வருகிறது. தனிக்கோலை ஒடித்துவிடலாம், கட்டாக இருந்தால் ஒடிக்க முடியாது, ஆகவே அது ஒற்றுமையின் சின்னம் என்று விளக்கமும் வருகிறது. சரி. அப்புறம் இத்தாலியின் பாசிசத் தலைவர் முசோலினி வருகிறார். அவருடைய கட்சிச் சின்னமும் அதே கட்டுதான், கோடரியோடு. அங்கே ‘பண்டைய ரோமின் அதிகாரச் சின்னம்’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். ஒற்றுமைக்கு எதற்குக் கோடரி என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்டால் ஆசிரியர் என்ன சொல்வார்?

பண்டைய ரோமில் ஃபாசெஸ் எனப்பட்ட அந்தக் கட்டு ஒரு தண்டனைக் கருவி. எல்ம் அல்லது பிர்ச் மரக் கோல்களைச் சிவப்புத் தோல்வாரால் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். அவிழ்த்தால் அடிப்பதற்குக் கோல், உருவினால் தலையை வெட்டக் கோடரி. அதைத் தோளில் சுமந்து பதவியாளருக்கு முன்னால் நடந்தவர்கள் லிக்டர்கள். முடியாட்சியைத் திரும்பக் கொண்டுவரச் சதி செய்த தன் மகன்களுக்கே முதல் கான்சல் (ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் இரு தலைமை ஆட்சியாளர்களில் ஒருவர்) புரூட்டஸ் மரண தண்டனை கொடுத்ததை ரோம வரலாற்றாசிரியர் லிவி சொல்கிறார். லிக்டர்கள் முதலில் கோலால் அடித்தார்கள், பிறகு கோடரியால் வெட்டினார்கள், தகப்பன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். நடந்ததோ பழங்கதையோ, அந்தக் கட்டு எதற்கு என்பதில் ரோமானியர்களுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஒடியாத கோல்கட்டு ஈசாப் கதை. இரண்டையும் ஒட்டவைத்தது பல நூற்றாண்டுகள் கழித்து வந்த ஐரோப்பியர்கள்.

கான்சலுக்கு 12 லிக்டர்கள், மாகாணத்துக்குப் போகும் பிரேட்டருக்கு (கான்சலுக்கு அடுத்த பதவியாளர்) 6, நெருக்கடி நேரத்தில் மட்டும் நியமிக்கப்படும் சர்வாதிகாரிக்கு 24. ஒருவர் பின் ஒருவராக நடந்து கூட்டத்தை விலக்குவார்கள், வீட்டுக்குப் போனால் கோலால் கதவைத் தட்டுவார்கள். இதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க ஒரே ஒரு கதை போதும். கி.மு. 213இல் ஃபேபியஸ் மாக்சிமஸின் மகன் கான்சல். ரோமின் எதிரியான கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலுக்குத் தண்ணி காட்டிய ஃபேபியஸ் கிழவர் மகனுடைய முகாமுக்குக் குதிரையில் வருகிறார். எதிரே வரிசையாக லிக்டர்கள். இவ்வளவு பெரிய மனிதரிடம் இறங்கச் சொல்ல யாருக்கு வாய் வரும்? 11 பேர் பேசாமல் விட்டுவிட்டார்கள். கடைசி லிக்டரிடம் மகன் கண்டிப்பாகச் சொல்ல, அவன் குரல் கொடுத்தான். அப்போதுதான் தகப்பன் குதித்து இறங்கினார். நீ கான்சல் என்பது உனக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறதா என்று பார்த்தேன் மகனே என்றாராம்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. கோடரியைக் கையில் கொடுத்த அதே ரோமானியர்கள் அதற்குக் கடிவாளமும் போட்டார்கள். நகரத்தின் புனித எல்லைக்குள் வந்தால் கோடரியை எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் உள்ளே ஒரு குடிமகனின் தலையை எடுப்பதற்கு எதிராக மக்களிடம் முறையிடும் உரிமை உண்டு. கி.மு. 300இல் வந்த வலேரியச் சட்டம் அந்த உரிமையை உறுதி செய்தது. சர்வாதிகாரிக்கு மட்டும் விலக்கு. மக்கள் சபை முன் நிற்கும்போது கட்டைத் தாழ்த்திப் பிடிப்பது மரபு. இரண்டு கான்சல்களில் மாதம் மாற்றி மாதம் ஒருவருக்கு முன்னால் மட்டுமே லிக்டர்கள் அதைக் கொண்டுபோவார்கள். கி.மு. 59இல் சீசர் ஒரு பழைய வழக்கத்தைத் தூசு தட்டி எடுத்தார்: தன் முறை இல்லாத மாதத்தில் அவருக்கு முன்னால் ஓர் ஏவலர் மட்டும் போவார், லிக்டர்கள் பின்னால் வருவார்கள். என்ன பணிவு என்று வியக்க வேண்டாம். அதே வருடம் சீசரின் ஆட்கள் உடன்கான்சல் பிபுலஸின் கோல்கட்டுகளைச் சுக்குநூறாக்கினார்கள், அவர் தலையில் ஒரு கூடை சாணியையும் கொட்டினார்கள். மனிதர் மீதி வருடம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

எல்லைக்கு வெளியே கதை வேறு. சிசிலியில் ஆளுநர் வெர்ரெஸிடம் செக்ஸ்டியஸ் என்றொரு லிக்டர் இருந்தான். மரண தண்டனைக் கைதிகளின் பெற்றோரிடம், மகனை ஒரே வெட்டில் முடிக்க எவ்வளவு தருவீர்கள் என்று பேரம் பேசினான் என்கிறது வெர்ரெஸ் மீது வழக்காடிய சிசரோவின் குற்றச்சாட்டு. பிலிப்பி நகரில் கிறிஸ்தவப் போதகர்களான பவுலும் சீலாவும் அடிபட்டதும் லிக்டர்களின் கோலால்தான். தமிழ் வேதாகமத்தில் மறுநாள் காலை சிறைக்கு வரும் ‘சேவகர்’ இவர்களே. விசாரிக்காமல் ரோமக் குடிமக்களை அடித்தோம் என்று தெரிந்ததும் அதிகாரிகள் பயந்து நேரில் வந்து கெஞ்சினார்கள்.

புரட்சிக்காரர்கள் இந்தக் கட்டை ஒற்றுமை என்று எடுத்துக்கொண்டது உண்மை, அதை நீக்கச் சொல்லவில்லை. அமெரிக்கா 1916இல் பத்து சென்ட் நாணயத்திலும் போட்டது. முசோலினி 1926இல் அரசுச் சின்னமாக்கினார். இவர்களெல்லாம் பின்னால் வந்து எடுத்துக்கொண்டவர்கள் என்று ஒரு வரி வேண்டும், முதலில் அது என்னவாக இருந்தது என்று அரைப்பக்கம் வேண்டும். நகருக்குள் கோடரி ஏன் கழற்றப்பட்டது என்பதைத் தேர்வில் கேளுங்கள். எத்தனை லிக்டர்கள் என்ற ஒரு மதிப்பெண் கேள்வியைவிட அது எவ்வளவோ மேல்.

படத்தையும் மாற்றலாம். பின்னாளில் சீசரைக் கொன்ற புரூட்டஸ், கி.மு. 54 வாக்கில் தன் முன்னோரான அந்த முதல் கான்சலை ஒரு வெள்ளி நாணயத்தில் பொறித்தார். முன்னால் ஓர் ஏவலர், இருபுறமும் கட்டைத் தோளில் சாய்த்தபடி லிக்டர்கள், நடுவில் கான்சல். அடுத்த பதிப்பில் அந்த நாணயத்தைப் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வரலாற்று ஆசிரியர்